மொரீஷியஸின் எபெனில் ஓர் ஒட்டுக் கண்ணாடி முகப்பு: கழற்றியதும் திரும்ப மாட்டியதும்

தென்கிழக்கு மூலைப் பலகத்தின் ஓரத்தைக் கொக்கிக் கத்தியால் கீறி இழுத்ததும் பசையாக இருந்த சிலிகான் நாடாவாக முழுநீளத்துக்கும் உரிந்து வந்துவிட்டது. கண்ணாடியை ஒட்டிய பக்கம் கெட்டி. அலுமினியத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு துணுக்குப் பசைகூட இல்லை. பவுடர் கோட்டிங் புதிது மாதிரி பளபளவென்று இருந்தது. ஒழுங்கான ஒட்டு அறுந்தால் பசைக்குள்ளேயே கிழிய வேண்டும், இரண்டு பரப்பிலும் பசை மிஞ்ச வேண்டும். இது பரப்பை விட்டு விலகிய ஒட்டு. பிரைமரும் போடவில்லை, சோதனையும் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கட்டடம் நான்கு மாடி அலுவலகம். 2024 ஜனவரியில் பெலால் புயல் போன பிறகு மூலை அறைகளில் தண்ணீர் இறங்கியது. வெளி சீலை மட்டும் சுரண்டிப் புதிதாய் அடித்துத் தரச் சொன்னார்கள். ஓரத்தைத் திறந்த பிறகு அந்த வேலைக்கு அர்த்தமில்லாமல் போனது. ஒட்டே போன கண்ணாடிக்கு வெளி சீல் அடிப்பது, விழப்போகிற பலகத்துக்குச் சாயம் பூசுகிற கதை. முகப்பின் 54 பலகங்களையும் இறக்கி வேறு முறையில் மாட்டுவது என்று முடிவாயிற்று. மொரீஷியஸில் புயல் பருவம் நவம்பர் 1 முதல் மே 15 வரை. ஆகவே ஜூன் தொடங்கி அக்டோபருக்குள் வேலை முடிய வேண்டும்.

கட்டடத்தில் இருந்த வகைகள்

முன்முகப்பு நான்கு பக்க ஸ்ட்ரக்சுரல் கிளேசிங். கண்ணாடியின் நான்கு ஓரமும் சிலிகானால் மட்டும் மல்லியனிலும் (நெடுக்குச் சட்டம்) டிரான்சத்திலும் (குறுக்குச் சட்டம்) ஒட்டியிருந்தது. வெளியே அலுமினியமே தெரியாது, மழமழவென்று இருக்கும். கட்டடக் கலைஞர்கள் கேட்பது இதைத்தான். இதை சைட்டிலேயே நேராகச் சட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். தொழிற்கூடத்தில் கேசட்டாக, அதாவது தனிச் சட்டத்தில் ஒட்டிய பலகமாகச் செய்து கொண்டுவந்து மாட்டவில்லை.

பக்கச் சுவர்கள் இரண்டு பக்க முறை. மேலும் கீழும் பிரஷர் பிளேட்டும் (கண்ணாடியை அழுத்திப் பிடிக்கும் பட்டை) மூடியும், இடமும் வலமும் பசை. தொட்டுப் பார்த்த வரையில் இங்கே பெரிய கோளாறு இல்லை. கண்ணாடியின் எடை கீழ்ச்சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பசை கொஞ்சம் விட்ட இடத்திலும் மேலும் கீழும் பிளேட் பிடித்துக்கொண்டிருந்தது. பார்வைக்குக் கோடு விழும் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒரு குறையும் இல்லை.

வாசலில் ஸ்பைடர். ஓட்டை போட்ட டஃபன்டு (சூடாக்கிப் பலப்படுத்திய) கண்ணாடி, நான்கு கை ஸ்டெயின்லெஸ் சிலந்தி, போல்ட். இதில் சிலிகான் சுமை தாங்குவதில்லை, மழையை மட்டும் தடுக்கிறது.

எதிரே இருக்கும் ரீயூனியனிலிருந்து வரும் பிரெஞ்சு வரைபடங்களில் ஒட்டு முகப்புக்கு வி.இ.சி. என்றும் ஸ்பைடருக்கு வி.இ.ஏ. என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒரே தாளில் வந்தால் எது எங்கே என்று முதலில் வண்ணம் தீட்டிக்கொள்வது நல்லது, ஏனென்றால் கண்ணாடி ஆர்டரே வேறு.

ஐரோப்பிய வழிகாட்டியான ஈ.டி.ஏ.ஜி. 002 ஒட்டு முகப்புகளை நான்காகப் பிரிக்கிறது. எடையைக் கட்டை தாங்கும், ஒட்டு போனாலும் பிடிக்கக் கிளிப் உண்டு என்றால் முதல் வகை. எடைக்குக் கட்டை உண்டு, கிளிப் இல்லை என்றால் இரண்டாவது. எடையையும் பசையே தாங்கி, கிளிப் மட்டும் இருந்தால் மூன்றாவது. இரண்டும் இல்லாமல் எல்லாமே பசை என்றால் நான்காவது. நாங்கள் இறக்கியது நான்காவது வகை. மாட்டியது முதல் வகை. புயல் தீவில் மற்ற மூன்றுக்கும் கையெழுத்துப் போட மனம் வராது.

பைட் அளந்தபோது

பசை பிடிக்கும் அகலத்தை சைட்டில் பைட் என்பார்கள். பழைய வரைபடத்தில் 12 மி.மீ. என்று இருந்தது. கழற்றிய பலகங்களில் வெர்னியர் வைத்து அளந்தால் 6 முதல் 7 மி.மீ.தான் வந்தது. காரணம் ஸ்பேசர் டேப். பசைக்குப் பின்னால் இடைவெளியைக் காக்க ஒட்டும் நார்ட்டன் டேப்பும் அந்த 12 மில்லிக்குள்ளேயே போயிருந்தது. டேப் சுமை தாங்காது. அதன் அகலத்தை பைட் கணக்கில் சேர்க்கவே கூடாது. வரைபடத்தில் மொத்த அகலத்தை ஒரே அம்புக்குறியில் காட்டினால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். டேப்புக்கு ஓர் அம்பு, பசைக்கு ஓர் அம்பு என்று தனித்தனியாகப் போட வேண்டும்.

கணக்கு எளிது. காற்றழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து, கண்ணாடியின் குறுகிய பக்கத்தை மி.மீ.யில் வைத்துப் பெருக்கி, பாதியாக்கி, 138000 ஆல் வகுத்தால் பைட் மி.மீ.யில் வரும். 138 கிலோபாஸ்கல் என்பது காற்றுச் சுமைக்கு சிலிகானில் எடுக்கும் அனுமதி அழுத்தம். காற்றழுத்தத்துக்கு வேகத்தின் வர்க்கத்தை 0.613 ஆல் பெருக்க வேண்டும்.

இங்கே வேகத்துக்குப் பஞ்சமில்லை. 1960 கரோல் புயலில் 256 கி.மீ., 1975 ஜெர்வேஸில் 280 கி.மீ. வரை வீச்சு பதிவானது. 280 கி.மீ. என்பது நொடிக்கு 77.8 மீட்டர், அழுத்தம் 3.7 கிலோபாஸ்கல். சுவரின் நடுப்பகுதிக்கு இதையே வைத்துக்கொண்டோம். கட்டடத்தின் மூலையில் காற்று வளையும்போது உறிஞ்சல் கூடும். அங்கே 1.4 மடங்கு எடுத்ததால் 5.2 கிலோபாஸ்கல். பலகம் 1200 க்கு 2400 மி.மீ. ஆகவே நடுப்பகுதிக்கு பைட் 16.1, அதாவது 17 மி.மீ.; மூலைக்கு 22.6, அதாவது 23 மி.மீ. பசையின் தடிமன் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும், பைட் அதன் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. 17 க்கு 6 போதும், 23 க்கு 8 தேவை.

அப்படியானால் 7 மி.மீ. பைட்டில் இத்தனை வருஷம் எப்படி நின்றது? அனுமதி அழுத்தத்துக்கும் பசை உண்மையில் அறுகிற அழுத்தத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மடங்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தைத்தான் பழைய வேலை தின்றுகொண்டிருந்தது. ஆனால் ஐந்து மடங்கு என்பது ஒட்டு பரப்பில் பிடித்திருந்தால் மட்டுமே. உரிந்து வரும் ஒட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எடையையும் பார்க்க வேண்டும். வெளியே 6 மி.மீ., உள்ளே 5+5 லேமினேட்டு (இரண்டு கண்ணாடித் தாளை ஒட்டியது), நடுவே 12 மி.மீ. காற்றிடை. கண்ணாடி மட்டும் மொத்தம் 16 மி.மீ.; சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ.க்கு 2.5 கிலோ என்றால் 2.88 சதுர மீட்டருக்கு 115 கிலோ. நிரந்தரச் சுமைக்குச் சிலிகானில் வெறும் 7 கிலோபாஸ்கல்தான் அனுமதி. கட்டையில்லாமல் பசையே இந்த எடையைச் சுமக்க வேண்டுமென்றால் 7.2 மீட்டர் சுற்றளவிலும் 22.4 மி.மீ. பைட் வேண்டும், நடுப்பகுதியில் காற்றுக்கு வேண்டியதைவிட இது அதிகம். பழைய பலகங்களுக்கு அடியில் எடை தாங்கும் கட்டையான செட்டிங் பிளாக் ஒன்றுகூட இல்லை. பல பலகங்கள் 2, 3 மி.மீ. கீழே சரிந்திருந்ததற்கு விளக்கம் இதுதான். புதிதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிகான் பிளாக், அகலத்தின் கால் பங்கில் ஒன்று, முக்கால் பங்கில் ஒன்று. சாதாரண ரப்பர் பிளாக் மலிவு என்று வைத்தால் அதிலுள்ள எண்ணெய் சிலிகானுக்குள் ஏறி மஞ்சளாக்கும், பிடிப்பையும் கெடுக்கும்.

இரட்டைக் கண்ணாடியில் இன்னொரு பொறி உண்டு. சட்டத்தில் ஒட்டுவது உள்கண்ணாடியை. வெளிக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது யூனிட்டின் ஓரத்திலுள்ள இரண்டாம் சீல் மட்டுமே. அதுவும் ஸ்ட்ரக்சுரல் சிலிகானாக இருக்க வேண்டும். பாலிசல்ஃபைடு வெயிலில் கண்ணாடி வழியே புற ஊதா பட்டுக் கெடும். சாதாரண ஜன்னலுக்கு வரும் 6 மி.மீ. ஓரம் போதாது. காற்றில் பாதியை வெளிக்கண்ணாடி வாங்குகிறது என்று எடுத்தால் மூலைப் பலகங்களுக்கு 12 மி.மீ. வருகிறது. ஆர்டர் தாளில் அளவு, நிறம் எல்லாம் எழுதி இந்த ஒன்றை எழுதாமல் விட்டால் தொழிற்சாலை தன் வழக்கப்படி அனுப்பிவிடும். எங்களுக்குக் கண்ணாடி வருவது கப்பலில். தவறி வந்தால் அடுத்த கப்பல்தான்.

சைட்டில் ஒட்டிப் பார்த்தது

முதலில் யோசித்த வழி, சட்டத்தை அப்படியே வைத்து, கோட்டிங்கைச் சுரண்டி, பிரைமர் போட்டு, ஒரு-பாகச் சிலிகானால் அங்கேயே ஒட்டுவது. கேசட் செலவு மிச்சம். தரைத்தளத்தில் ஒரு பலகத்தில் செய்து, தற்காலிகக் கிளிப் போட்டு நிறுத்திப் பார்த்தோம். இரண்டு வாரம் கழித்துக் குறுக்கே வெட்டினால் வெளியே ரப்பர், உள்ளே பேஸ்ட்.

ஒரு-பாகச் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் கெட்டியாகும். முதல் நாளில் 2, 3 மி.மீ. உள்ளே போகும். தோல் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். ஒரே முகம் மட்டும் காற்றில் இருக்கும் 17 மி.மீ. ஆழத்துக்கு அது லாயக்கில்லை. 23 ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். திறந்த துளை டேப் பின்பக்கமிருந்து கொஞ்சம் காற்று விடும், ஆனால் மல்லியனை ஒட்டிய மூடிய இடத்தில் அதற்கும் காற்று வர வழியில்லை. இதற்கிடையே ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும். பசை காய்வதற்குள் கண்ணாடி மயிரிழை முன்னும் பின்னும் போய்வரும். வெட்டிய இடத்தில் தெரிந்த குமிழ்களும் கிழிசல்களும் அதன் கைவரிசை.

டாகிள் முறையையும் பரிசீலித்தோம். கண்ணாடி யூனிட்டின் ஓரத்து இடைவெளியில் ஒரு யூ வடிவ அலுமினியச் சேனலைப் புதைத்து அனுப்புவார்கள். அதற்குள் ஒரு சிறு நாக்கை நுழைத்து, 90 பாகை திருப்பி, திருகால் சட்டத்தோடு இறுக்க வேண்டும். சைட்டில் சுமை தாங்கும் பசையே கிடையாது, வெளியிலிருந்து கழற்றலாம். புதுக் கட்டடமென்றால் இதைத்தான் எடுத்திருப்போம். இதில் கவனம் தேவைப்படுவது ஒன்றே: நாக்கு பாதி திரும்பி நிற்கும்போதே திருகு இறுகிவிடும், மேலே சீல் அடித்த பிறகு கண்டுபிடிக்க முடியாது. தலையில் கோடு போட்ட நாக்காக வாங்க வேண்டும். இங்கே பழைய மல்லியனில் அதற்கான திருகுத் தடம் இல்லாததால் விட்டுவிட்டோம்.

கேசட்

எடுத்த வழி இது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனி அலுமினியச் சட்டம். கொரோமண்டல் தொழிற்பேட்டையில் இரு-பாகச் சிலிகான் பம்பு வைத்திருக்கும் ஒரு கூடத்தில் படுக்கையாக வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு சைட்டுக்குக் கொண்டுவந்து கிளிப்பால் மல்லியனில் மாட்டுவது.

சட்டத்தின் ஒட்டு முகம் 30 மி.மீ. மூலைக்கு பைட் 23, டேப் 6, ஆக 29; ஒரு மி.மீ. கைக்கு. மல்லியன் முகம் 75 மி.மீ.; இருபுறமும் 30 போக நடுவே 15 மி.மீ. இணைப்பு மிஞ்சியது. இந்தக் கூட்டல் பொருந்தியது அதிர்ஷ்டம். மல்லியன் 60 மி.மீ. ஆக இருந்திருந்தால் முழுச் சட்டத்தையுமே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பழைய முகப்பைத் தொடுபவர்கள் முதலில் அளக்க வேண்டியது மல்லியன் முகத்தைத்தான்.

கேசட் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம், 25 மைக்ரான் அனோடைசிங் என்று உறுதியாக நின்றோம். அனோடைஸ் பரப்பில் சிலிகான் நன்றாகப் பிடிக்கும். உப்புக் காற்றுக்கும் 25 மைக்ரான் தாங்கும். அதற்காகச் சோதனையைத் தவிர்க்கவில்லை. அதே லாட் சட்டத் துண்டில் பட்டையாகப் பசை இழுத்து, காய்ந்ததும் உரித்து, இன்னொரு துண்டைத் தண்ணீரில் ஏழு நாள் ஊற வைத்து மறுபடி உரித்துப் பார்த்தோம். இரண்டிலும் பசைக்குள்ளேயே கிழிந்தது. தண்ணீர்ச் சோதனைதான் கண் திறக்கும். உலர்ந்த துண்டில் தேறி ஈரத்தில் விட்டுவிடும் பரப்புகள் நிறைய.

துடைப்பதற்கு இரண்டு துணி. முதல் துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், அது ஆவியாகுமுன் இரண்டாவது உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படியும். துணியை டப்பாவுக்குள் முக்காமல் துணிமேல் ஊற்ற வேண்டும். பெயின்ட் தின்னர் எண்ணெய்ப் படலம் விடும், நிறம் சேர்த்த ஸ்பிரிட்டும் வேண்டாம். துடைத்த பிறகு விரல் பட்டால் மறுபடி துடைப்பு. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த பையன்கள் இதில் கறார். "தம்பி, கை பட்டுடுச்சு" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

குளிர்கால காலையில் அலுமினியத்தின் மேல் பனி படியும். பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட 3 பாகையாவது மேலே இருந்தால்தான் பசை. காலை முதல் வேலை சட்டம் அறுப்பதும் டேப் ஒட்டுவதும். பசை ஒன்பதரைக்கு மேல்.

பம்பு ஓட்டியதும் மூன்று சோதனை. A4 தாளின் நடுவில் கொஞ்சம் பசை வைத்து, மடித்து நசுக்கி, பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இரண்டு பாகமும் கலக்கவில்லை, ஸ்டாட்டிக் மிக்சர் அடைத்திருக்கும். அடுத்து ஒரு கப்பில் பசையும் குச்சியும். சில நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியை இழுக்க, நூலாக வருவது நின்று படக்கென்று அறுந்து சுருங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அது தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும், நேற்றைய நேரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். திடீரென்று இரட்டிப்பானால் கேடலிஸ்ட் டிரம்மில் காற்று புகுந்திருக்கும். இவ்விரண்டும் தினமும், டிரம் மாற்றும்போதெல்லாம். மூன்றாவது எச் துண்டு: கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே 12 க்கு 12 க்கு 50 மி.மீ. பசை. இதை இழுத்து அறுக்க 0.7 மெகாபாஸ்கல், அதாவது 600 சதுர மி.மீ.க்கு 420 நியூட்டனாவது ஆக வேண்டும். கிரேன் தராசில் தொங்கவிட்டால் 43 கிலோ. ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை. செய்யாததற்குச் சாக்கு கிடையாது.

நாசில் பசையைத் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும், பின்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இழுத்தால் டேப் பக்கம் காற்று சிக்கும். நிரப்பியதும் உடனே பட்டையால் அழுத்தி மட்டம் தட்ட வேண்டும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தட்டும் பழக்கம் உள்ளவர்களை இந்த மேசைக்கு விடவில்லை. கேசட்டை அசைக்காமல் படுக்கையாகவே விட்டோம். ஒரு நாளில் கெட்டியாகத் தெரியும். ஆனால் அதே நாள் ஊற்றிய பட்டை உரிப்பில் தேறிய பிறகுதான் நிமிர்த்தினோம்.

பசையின் அளவு: நடுப் பலகம் ஒன்றுக்கு 17 × 6 × 7200, ஏறக்குறைய 734 மி.லி.; மூலைப் பலகத்துக்கு 23 × 8 × 7200, 1325 மி.லி. நடுவில் 42, மூலையில் 12, மொத்தம் 46.7 லிட்டர். சோதனைக்கும் நாசில் கழிப்புக்கும் 15 சதம் சேர்த்தால் 54 லிட்டர். இதற்காக ஒரு 200 லிட்டர் டிரம்மை நாமே இறக்குமதி செய்தால் முக்கால்வாசி காலாவதியாகும். பம்பு உள்ள கூடத்தில் நேரம் வாங்கியது அதனால்தான்.

முதல் பத்தில் ஒன்று, அடுத்த நாற்பதில் ஒன்று, அதற்கு மேல் வரும் ஐம்பதில் ஒன்று என்று கேசட்டைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். 54 க்கு மூன்று. நன்றாக இருக்கும் கண்ணாடியை வெட்டிப் பிரிப்பது வயிற்றெரிச்சல்தான். கண்ணாடி உடையாது, சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இறக்குவதும் ஏற்றுவதும்

பழையதை அறுக்கக் காரின் முன்கண்ணாடி எடுக்கும் பின்னல் கம்பிதான் ஏற்றது. நீள ஊசியால் பசைக்குள் நுழைத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர், ரம்பம் போல மாறி மாறி இழுக்க வேண்டும். கம்பி சூடேறி அறும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் தாங்கும். அறுக்கத் தொடங்குமுன் வெளியே சக்‌ஷன் கப் தூக்கியை ஒட்டி, பெல்ட்டால் வின்ச்சில் கட்டியிருக்க வேண்டும். பிடிப்பே இல்லாத பலகம் மூன்றாம் ஓரம் அறுக்கும்போதே சாயும்.

பூம் லிஃப்டுக்குக் காற்று எல்லை நொடிக்கு 12.5 மீட்டர். கண்ணாடி கையில் இருக்கும்போது அவ்வளவு கூடாது. 10 மீட்டர் காற்றே 2.88 சதுர மீட்டரை 18 கிலோ விசையோடு தள்ளும், அதுவும் விட்டு விட்டு. கூடையில் ஒரு அனிமாமீட்டர் கட்டி, 8 க்கு மேல் போனால் கண்ணாடியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆகஸ்டில் இதனால் பல பிற்பகல்கள் வீணாயின.

இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வடக்குச் சுவரோரம் நிழல் என்று கேசட்டுகளை அடுக்கினால் நாள் முழுக்கக் காயும். அடுக்க வேண்டிய இடம் தெற்குப் பக்கம்.

கிளிப்புகள் 6 மி.மீ. அலுமினியப் பட்டை, 300 மி.மீ.க்கு ஒன்று. நடு மல்லியனில் ஒரு கிளிப் இரு பக்கக் கேசட்டையும் பிடிக்கிறது. மூலைப் பகுதிக் காற்றில் அதன் மேல் வருவது 0.6 × 0.3 × 5.2 × 2, ஏறக்குறைய 1.9 கிலோநியூட்டன். மல்லியன் சுவர் 3 மி.மீ.தான், நேரடித் திருகை நம்பாமல் எம்6 ரிவெட் நட்டு அடித்து, இழுப்புக் கருவியில் 3.8 வரை இழுத்துப் பார்த்தோம். திருகுகள் ஏ4 ஸ்டெயின்லெஸ், அலுமினியத்தோடு நேராக உரசாமல் நைலான் வாஷர். வாஷர் போடாத பழைய திருகுகளைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகியிருந்தது. கிளிப் தவிர கண்ணாடி முகத்தைத் தொடும் சிறிய பிடிப்புத் துண்டு பலகத்துக்கு நான்கு, இணைப்புக்குள் கறுப்பாக. கீழிருந்து பார்த்தால் தெரியாது, அருகில் போனால் தெரியும். அழகு குறைகிறது என்ற முணுமுணுப்பு வந்தது. ஒட்டு போன பலகம் சாலையில் விழாமல் பிடிக்கப்போவது அந்த நான்கு துண்டுதான்.

15 மி.மீ. இணைப்புக்கு 20 மி.மீ. மூடிய துளை பேக்கர் ராட் (இடைவெளியை அடைக்கும் நுரைக் கயிறு), மேலே நியூட்ரல் சிலிகான், நடுவில் 8 மி.மீ. ஆழம். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகானை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, லேமினேட்டின் தாள்களை ஒட்டும் பி.வி.பி. படலத்தின் ஓரத்தைக் கெடுக்கும். கீழ் டிரான்சத்தின் வடிகால் ஓட்டைகள் பழைய வேலையில் பசையால் அடைந்திருந்தன. பெலாலில் உள்ளே வந்த தண்ணீரில் பாதிக்குக் காரணம் அதுவே.

தண்ணீர் பீய்ச்சும் சோதனையில் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்றே தெரியாது. அமெரிக்க ஏ.ஏ.எம்.ஏ. 501.2 முறைப்படி 205 முதல் 240 கிலோபாஸ்கல் அழுத்தம், பரப்பிலிருந்து 30 செ.மீ., 1.5 மீட்டர் நீளத்துக்கு ஐந்து நிமிடம். இரண்டு இடத்தில் கசிந்தது. இரண்டும் குறுக்கிணைப்பும் நெடுக்கிணைப்பும் சந்திக்கும் மூலை. வெட்டியெடுத்து ஒரே மூச்சில் நான்கு பக்கமும் அடித்ததும் நின்றது.

வாசல் ஸ்பைடர்

கண்ணாடியை மாற்றவில்லை. ஓட்டைக்குள் இருக்கும் நைலான் புஷ் பல இடத்தில் வெடித்து, போல்ட் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டஃபன்டு கண்ணாடியின் ஓட்டை விளிம்பில் உலோகம் பட்டால் அது எப்போது வேண்டுமானாலும் உதிரலாம். எல்லா புஷ்ஷும் புதிது. நான்கு ஓட்டையில் ஒன்று மட்டும் இறுக்கம், ஒன்று பக்கவாட்டில் மட்டும் நகரும், மீதி இரண்டும் எல்லாப் பக்கமும் நகரும் என்று மாட்ட வேண்டும். நான்கையும் இறுக்கினால் வெயிலில் விரிய இடமில்லை. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலைக்கு ஏறக்கூடாது. டஃபன் செய்த பிறகு ஓட்டையைப் பெரிதாக்க முடியாது, ஆகவே சட்டம் சரிந்திருந்தால் சரிசெய்ய வேண்டியது ஸ்பைடர் கையைத்தான்.

316 ஸ்டெயின்லெஸ்ஸிலும் உப்புக் காற்றில் தேநீர்க் கறை போல் பழுப்பு படியும். நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். இரும்புக் கம்பளியால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி நிஜத் துரு வரும். ஓடு கழுவும் ஆசிட் அதைவிட மோசம்.

செலவும் அடுத்த முறையும்

ரூபாயில் எழுதினால் அடுத்த கப்பலுக்கே மாறிவிடும்; வரிசையைச் சொல்கிறோம். முதலிடம் பூம் லிஃப்ட் வாடகை, காற்றுக்காகச் சும்மா நின்ற நாட்களும் சேர்த்து. அடுத்தது கண்ணாடியும் கப்பல் கூலியும். பிறகு அலுமினியமும் அனோடைசிங்கும். கடைசியில்தான் சிலிகான். எல்லாவற்றின் மேலும் 15 சதம் வாட். பசையில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கட்டும்.

அடுத்த முறை பூம் லிஃப்டுக்குப் பதில் மொட்டை மாடியிலிருந்து தொங்கும் கூடையான கொண்டோலா. சுவரோடு ஒட்டி இறங்குவதால் கண்ணாடி கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு காற்று வாங்காது. நடைபாதைக்கு மேலேயுள்ள பலகங்களில் வெளிக்கண்ணாடியும் லேமினேட்டாக இருக்க வேண்டும். இம்முறை அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. வெளியே டஃபன்டு போடுவதாக இருந்தால் 260 பாகை ஹீட் சோக் (சூட்டில் ஊறவைக்கும் சோதனை) சான்று இல்லாமல் வாங்குவதில்லை, நிக்கல் சல்ஃபைடு துகளால் தானாக உடைவது அதில்தான் வடிகட்டப்படும். நடுவுக்கு ஒரு தடிமன் மூலைக்கு ஒரு தடிமன் என்று இரண்டு டேப் வைத்ததில் கூடத்தில் குழப்பம் நேர்ந்தது. எல்லாவற்றுக்கும் 8 மி.மீ. என்று வைத்துவிட்டால் நடுப் பலகம் ஒன்றுக்கு 245 மி.லி. பசைதான் கூடுதல்.

ஒவ்வொரு கேசட்டின் உள்முகத்திலும் ஒட்டிய தேதி, சிலிகான் பேட்ச் எண், பலக எண் மூன்றையும் பொறித்திருக்கிறது. நடுப் பலகத்தில் இரண்டும் மூலைப் பலகத்தில் ஒன்றும் ஒட்டித் தயாராகக் கீழ்த்தளத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறது, கிளிப்பும் திருகும் பையில் கட்டி. ஒரு பலகத்தை மாற்ற இணைப்பை வெட்டி, கிளிப்பைக் கழற்றி, புதியதை மாட்டினால் போதும். சைட்டில் சுமை தாங்கும் பசை எதுவும் வேண்டாம். மே 15 க்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை தென்கிழக்கு மூலையிலிருந்து தொடங்கி வெளி சீலில் வால் இழுப்புச் சோதனை: இணைப்பின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே வெட்டு, இரு ஓரத்திலும் 75 மி.மீ. கீழ்நோக்கி வெட்டு, நுனியைப் பிடித்து 90 பாகையில் இழுப்பு. 30 மீட்டருக்கு ஓரிடம். வெட்டிய இடத்தை அன்றே அதே சிலிகானால் அடைத்துவிட வேண்டும்.